சால்மன் பொரிப்பகங்களில் மரபணு வழிப் பெற்றோர் ஆய்வு: கம்பிக் குறி இருக்கும்போது இது எதற்கு?

கயல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் மீன்வள அறிவியலில் முதுகலை பயிலும் மாணவி. வகுப்புக் கருத்தரங்கில் பேசுவதற்காக, வட அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றிலும் அதன் பெரிய துணையாறான ஸ்னேக் ஆற்றிலும் உள்ள சால்மன் பொரிப்பகங்களை, அதாவது முட்டைகளைப் பொரிக்கவைத்துக் குஞ்சுகளை வளர்த்து ஆற்றில் விடும் நிலையங்களைப் பற்றிச் சில வாரங்களாகப் படித்து வருகிறேன். ஸ்னேக் ஆற்றுப் படுகையில் 2008 முதல், முட்டைக்கும் விந்துக்கும் பயன்படுத்தப்படும் சினூக், ஸ்டீல்ஹெட் ஆகிய சால்மன் குடும்ப வகைகளின் தாய்மீன்கள், ஆண்மீன்கள் ஏறத்தாழ அனைத்திலிருந்தும் துடுப்பில் ஒரு துணுக்கை வெட்டி எடுத்து, மரபணு விவரத்தைப் பதிவு செய்து வைக்கிறார்கள் என்று அறிந்தேன். சில ஆண்டுகள் கழித்து எங்கோ பிடிபடும் மீனின் மரபணுவை அந்தப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, அதன் தாயும் தந்தையும் இன்னார், ஆகவே அது இன்ன பொரிப்பகத்தில் இன்ன ஆண்டில் பிறந்தது என்று சொல்லிவிடுகிறார்களாம்.

இதில் எனக்குச் சில ஐயங்கள் உள்ளன. குஞ்சின் மூக்கில் குறியெண் பொறித்த சிறு கம்பியைச் செலுத்தும் முறை 1960-களிலிருந்தே நடப்பில் இருக்கும்போது, இந்தச் செலவு எதற்கு என்பது முதலாவது. ஏறத்தாழ நூறு மரபணுக் குறியிடங்களை மட்டும் பார்த்து, ஆயிரக்கணக்கான மீன்களுக்கு நடுவே ஒரு பெற்றோர் இணையைத் தவறின்றிக் கண்டுபிடிக்க முடியும் என்பதை என் மனம் ஏற்க மறுக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கள் பேராசிரியர் ஒரு கேள்வி கேட்டார்: “இது பொரிப்பகத்தின் கணக்குப் புத்தகம், இதனால் காட்டு மீனுக்கு என்ன பயன்?” காட்டு மீன் என்று அவர் சொன்னது ஆற்றிலேயே இயல்பாகப் பிறக்கும் மீனை. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. துறையில் இருப்பவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

எண்ணும் எழுத்தும் எழுதியது:

சகோதரி கயல் அவர்களுக்கு வணக்கம். நான் மீன் பிடித்தவன் அல்லன். இத்தகைய தரவுகளைக் கணினியில் அலசுபவன். ஆகவே உங்களுடைய இரண்டாவது ஐயத்துக்கே முதலில் வருகிறேன். அது தீர்ந்தால் மற்றவை எளிதாகும்.

இன்று பெரும்பாலும் பயன்படுபவை எஸ்.என்.பி. எனப்படும் ஓரெழுத்து வேறுபாடுகள். ஒரு குறியிடத்தில் இரண்டு வடிவங்கள்தாம் இருக்கும். அவற்றை அ, ஆ என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மீனும் அந்த இடத்தில் அஅ, அஆ, ஆஆ என்ற மூன்றில் ஒன்றாக இருக்கும். தாய் அஅ ஆகவும் குஞ்சு ஆஆ ஆகவும் இருந்தால் அவள் அதன் தாயாக இருக்க முடியாது. முறை முழுவதும் இந்த விலக்கலின் மீதுதான் நிற்கிறது: பெற்றோர் யார் என்று தேடுவதைவிட, யார் யாரெல்லாம் பெற்றோராக இருக்க முடியாது என்று தள்ளிக்கொண்டே போகிறோம்.

அரிதான வடிவத்தின் பங்கு ஒவ்வோர் இடத்திலும் 0.3 என்று கொண்டால், தொடர்பில்லாத இரண்டு மீன்கள் ஓர் இடத்தில் இப்படி எதிரெதிராக அமையும் வாய்ப்பு சுமார் 8.8 விழுக்காடுதான். அதாவது, ஒரு பொய்த் தாய் அந்த இடத்தில் பிடிபடாமல் தப்பிக்கும் வாய்ப்பு 91 விழுக்காட்டுக்கு மேல். ஆனால் 96 இடங்களிலும் தொடர்ந்து தப்பிக்க வேண்டுமே! அந்த வாய்ப்பு ஏறத்தாழ 7,000-இல் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. நல்ல எண் போலத் தோன்றும். ஆயினும் பதிவேட்டில் 2,000 தாய்கள் இருந்தால், ஏறக்குறைய நான்கு மீனுக்கு ஒரு மீனுக்காவது ஒரு பொய்த் தாய் பொருந்தி வந்துவிடுவாள். உங்கள் மனம் ஏற்க மறுத்தது சரிதான். தாயை மட்டும் தனியே தேடினால் இந்த முறை தடுமாறும்.

தாயையும் தந்தையையும் சேர்த்தே தேடும்போதுதான் நிலைமை தலைகீழாகிறது. இரு பெற்றோரும் அஅ என்றால் குஞ்சு அஅ ஆகத்தான் இருக்க வேண்டும். ஒருவர் அஅ, மற்றவர் ஆஆ என்றால் குஞ்சு அஆ ஆகத்தான் இருக்க வேண்டும். நிபந்தனைகள் இறுகுவதால், தொடர்பில்லாத ஓர் இணை ஓர் இடத்தில் தப்பிக்கும் வாய்ப்பு சுமார் 74.5 விழுக்காடாகக் குறைகிறது. இதை 96 முறை பெருக்கினால் சுமார் 2 இலட்சம் கோடியில் ஒன்று வருகிறது. 2,000 தாய்களையும் 2,000 தந்தைகளையும் இணைத்தால் கிடைக்கும் இணைகள் 40 இலட்சம். ஆக, பொய் இணை ஒன்று ஒட்டிக்கொள்வது சுமார் 5 இலட்சம் மீனுக்கு ஒரு முறை. இந்தக் கணக்கை நீங்களே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். கருத்தரங்கில் கரும்பலகையில் போட்டும் காட்டலாம்.

உண்மையான தரவில் இவ்வளவு தூய்மை இருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆய்வகத்தில் சில இடங்கள் தவறாகப் படிக்கப்படும். அதனால் ஓரிரு முரண்களைப் பொறுத்துக்கொள்ளும்படி மென்பொருளை அமைக்கிறோம். மேலும், தந்தையின் உடன்பிறந்த ஆண்மீனும் பதிவேட்டில் இருந்தால், அது வெளியாரைவிட நெருக்கமாகப் பொருந்தும். பெரும்பாலான தொல்லைகள் இத்தகைய உறவினர்களிடமிருந்துதான் வருகின்றன. நூற்றுக்கணக்கான இடங்களை ஒரே ஓட்டத்தில் படிக்கும் வரிசையறி முறைகள் 2015-ஐ ஒட்டிப் பரவிய பிறகு, இந்தத் தொல்லையும் பெருமளவு குறைந்துள்ளது.

இனிக் கம்பியைப் பற்றி. அதன் நீளம் 1.1 மில்லிமீட்டர், தடிமன் கால் மில்லிமீட்டர். ஒவ்வொரு குஞ்சையும் கையிலோ இயந்திரத்திலோ பிடித்துத்தான் செலுத்த வேண்டும். ஆகவே வெளிவிடப்படும் குஞ்சுகளில் ஒரு பகுதிக்குத்தான் கம்பி உண்டு. பிறகு அதைப் படிக்க வேண்டுமானால் மீனைக் கொன்று தலையை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். மரபணு முறையிலோ, ஒரு தாயிடமிருந்தும் ஒரு தந்தையிடமிருந்தும் எடுக்கும் இரண்டு துணுக்குகள், அந்த இணைக்குப் பிறக்கும் மூவாயிரம் நாலாயிரம் குஞ்சுகளுக்கும் பிறவிக் குறியாகிவிடுகின்றன. அந்தக் குறி கழன்று விழாது. வளர்ந்த மீனிலிருந்து மீண்டும் ஒரு சிறு துணுக்கை எடுத்துவிட்டு, அதை ஆற்றிலேயே விட்டுவிடலாம். பெற்றோர் கூடிய ஆண்டு தெரிவதால் மீனின் வயதும் ஐயமறத் தெரிந்துவிடுகிறது. செதிலில் வளையம் எண்ணும் வேலை மிச்சம்.

ஆனாலும் கம்பி ஒழிந்துவிடவில்லை. ஒரே பெற்றோரின் குஞ்சுகளை இரண்டு தொட்டிகளில் பிரித்து, ஒன்றுக்கு ஒரு தீவனமும் மற்றொன்றுக்கு வேறு தீவனமும் கொடுத்துச் சோதித்தால், மரபணுவால் அந்த இரண்டையும் வேறுபடுத்த இயலாது. அங்கே கம்பிதான் பேசும்.

பொரிப்பகத்துப் பழையவர் எழுதியது:

எண்ணும் எழுத்தும் அவர்கள் போட்ட கணக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கணக்கு முழுவதும் ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது: பெற்றோர் இருவரும் பதிவேட்டில் இருக்கிறார்கள், சரியான பெயரில் இருக்கிறார்கள் என்பதே அது. நான் சில பருவங்கள் ஒரு பொரிப்பகத்தில் முட்டை எடுக்கும் மேசையில் நின்றவன். அங்கே நடப்பது கணினியில் தெரியாது.

இலையுதிர் காலத்துக் குளிர். நீர் சொட்டும் கையுறை. ஒருவர் பெண்மீனின் வயிற்றைக் கீறி முட்டையை வாளியில் சரிக்கிறார், மற்றொருவர் ஆண்மீனின் விந்தைப் பீய்ச்சுகிறார், நான் வால் துடுப்பிலிருந்து தீக்குச்சித் தலை அளவுத் துணுக்கை வெட்டி, எண்ணிட்ட கட்டங்கள் அச்சிட்ட தடித்த தாளில் ஒட்ட வைக்கிறேன். துணுக்கு அதில் தானாகவே உலர்ந்துவிடும். ஒரு நாள் காலை 31-ஆம் எண் ஆண்மீனின் துணுக்கு ஒட்டாமல் நழுவியது போல எனக்குத் தோன்றியதால், இன்னொன்றை வெட்டி அடுத்த கட்டத்தில் வைத்தேன். முதல் துணுக்கும் ஒட்டித்தான் இருந்திருக்கிறது. அன்று மதியம் வரை ஒவ்வோர் ஆண்மீனும் ஒரு கட்டம் தள்ளிப் பதிவாயிற்று.

இது உடனே வெளிப்படவில்லை. அந்தக் குஞ்சுகள் சிலவற்றைச் சோதித்தபோதுதான், மரபணு காட்டிய இணைகளில் தந்தையின் எண் எங்கள் குறிப்பேட்டில் இருந்ததைவிட எப்போதும் ஒன்று கூடுதலாக வருவதை ஆய்வகத்தார் கவனித்தார்கள். 31, 32 ஆகிய இரண்டு கட்டங்களில் ஒரே மீன் இருப்பதும் கூடவே வெளிப்பட்டது. வேறொரு முறை, பெண் என்று எழுதியிருந்த மீனின் பாலின மரபணு ஆண் என்று காட்டியதால் ஒரு தாள் முழுவதும் மாறியிருந்ததைக் கண்டுபிடித்தோம். என் தவறு பொரிப்பகத்தையும் ஆண்டையும் மாற்றிவிடவில்லை. இன்ன தாய்க்கு இன்ன தந்தை என்பதை மட்டுமே குழப்பியது. குடும்பவாரியாக ஆய்வு செய்பவர்களுக்கோ அது பெரிய இழப்பு.

மற்றொன்றும் உண்டு. முன்பெல்லாம் பல ஆண்மீன்களின் விந்தை ஒரே கிண்ணத்தில் கலந்து முட்டைகளின் மேல் ஊற்றும் பழக்கம் இருந்தது. எல்லா ஆண்களுக்கும் பங்கு கிடைக்கும் என்று நம்பினார்கள். பெற்றோர் ஆய்வு செய்து பார்த்தால், வீரியமிக்க ஓர் ஆணே பெரும்பங்கைத் தட்டிச் சென்றிருக்கும். இன்று ஓர் ஆணுக்கு ஒரு பெண் என்று தனித்தனிக் கிண்ணத்தில் கலப்பதை வலியுறுத்துவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கயல் எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தேன். 96 முறை பெருக்கியபோது வந்த எண்ணைக் கண்டு நானே வியந்தேன். ஐயா சொன்ன 31-ஆம் எண் கட்டத்தை, தங்கள் அனுமதியோடு, என் உரையில் சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன். ஆனால் பேராசிரியரின் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. காட்டு மீனுக்கு இதனால் என்ன?

பொரிப்பகத்துப் பழையவர் எழுதியது:

தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் அம்மா. பெயர் மட்டும் வேண்டாம்.

ஓடைக்கரை எழுதியது:

பேராசிரியரின் கேள்வி நியாயமானது. நான் அதற்கு நேரான பதிலே சொல்லப் பார்க்கிறேன்: பொரிப்பக மீன்கள் காட்டு மீன்களுக்கு உதவுகின்றனவா, கேடு செய்கின்றனவா என்ற நெடுங்கால வழக்கில், எண்களோடு சாட்சி சொல்லும் வலுவான கருவி பெற்றோர் ஆய்வு. அதற்கு முன்பு ஆற்றுக்கு எத்தனை மீன் திரும்பியது என்று எண்ண முடிந்தது. திரும்பிய ஒவ்வொரு மீனும் தனித்தனியே எத்தனை பிள்ளைகளை விட்டுச் சென்றது என்று எண்ணுவது மிகக் கடினமாக இருந்தது.

ஓரிகன் மாநிலத்தின் ஹூட் ஆற்றில் பவர்டேல் என்ற அணை இருந்தது. 2010-இல் அதை அகற்றிவிட்டார்கள். மேலே செல்லும் ஸ்டீல்ஹெட் மீன்கள் அங்கே நிறுத்தி வைக்கப்பட்டு, 1991 முதல் ஒவ்வொன்றிலிருந்தும் மாதிரி எடுக்கப்பட்டது. ஆறு முழுவதற்கும் ஒரே வாசல். வாசலில் ஒரு பதிவேடு. அந்தப் பதிவேட்டை வைத்து அராக்கியும் உடன் ஆய்வாளர்களும் 2007-இல் வெளியிட்ட முடிவு துறையையே உலுக்கியது: பொரிப்பகத்தில் வளரும் ஒவ்வொரு தலைமுறைக்கும், காட்டு ஆற்றில் பிள்ளை பெறும் திறன் சுமார் 40 விழுக்காடு குறைகிறது. அதே ஆற்றின் தரவை வைத்து 2012-இல் வந்த மற்றோர் ஆய்வு, பொரிப்பகச் சூழலில் மிக நன்றாகத் தேறிய குடும்பங்களே காட்டில் மிக மோசமாகத் தேறின என்று காட்டியது. குடும்பம் குடும்பமாகப் பிரித்துப் பார்க்க முடிந்ததால்தான், தொட்டி வாழ்க்கைக்கு ஒரே தலைமுறையில் மீன்கள் தகவமைந்துவிடுகின்றன என்பது புலப்பட்டது. மீன் எண்ணிக்கையை மட்டும் வைத்து இதைக் கண்டிருக்கவே முடியாது.

இதைப் படித்துவிட்டு எல்லாப் பொரிப்பகங்களையும் மூடிவிடலாம் என்று முடிவு கட்டுபவர்கள், ஐடஹோ மாநிலத்தின் ஜான்சன் க்ரீக் ஓடையையும் பார்க்க வேண்டும். நெஸ் பெர்ஸ் பழங்குடியினர் அங்கே சினூக் மீனுக்காக நடத்தும் திட்டத்தில், ஆற்றிலேயே பிறந்த உள்ளூர் மீன்களை மட்டுமே பெற்றோராக எடுத்துக்கொள்கிறார்கள். பொரிப்பகத்தில் பிறந்த மீனை மீண்டும் பொரிப்பகத்துக்குள் கொண்டுவருவதில்லை. 2012-இல் வெளியான பெற்றோர் ஆய்வின்படி, பொரிப்பகத்துக்கு எடுத்துச் செல்லப்பட்ட மீன்கள், ஓடையிலேயே விடப்பட்டவற்றைவிடச் சராசரியாகச் சுமார் 4.5 மடங்கு வளர்ந்த பிள்ளைகளையும் சுமார் 2.5 மடங்கு பேரப்பிள்ளைகளையும் பெற்றிருந்தன. காட்டு மீனோடு கலந்ததால் காட்டு மீனின் திறன் குறைந்ததாகவும் தெரியவில்லை. மீன் இனம் வேறு, நடத்தும் முறையும் வேறு என்பதால் ஹூட் ஆற்றோடு இதை நேராக நிறுத்தி ஒப்பிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆயினும் எந்த மீனைப் பெற்றோராகத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது முடிவை மாற்றக்கூடும் என்று நான் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். ஓர் எச்சரிக்கையும் உண்டு: இது ஒரு தலைமுறைக் கலப்பின் விளைவு மட்டுமே.

காட்டு மீனே ஏறக்குறைய இல்லாமற்போன இடங்களில் இந்த ஆய்வுக்கு வேறு வேலை உண்டு. ஐடஹோவின் ரெட்ஃபிஷ் ஏரிக்கு, கடலிலிருந்து ஏறத்தாழ 1,450 கிலோமீட்டர் நீந்தி வரும் சாக்கை சால்மன் 1991-இல் அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. 1992-இல் திரும்பியது ஒரே ஓர் ஆண்மீன். ‘தனிமையான லாரி’ என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். 1991 முதல் 1998 வரை வந்த காட்டு மீன்கள் மொத்தம் 16. அவற்றைக் கொண்டு வளர்ப்புக் குலம் ஒன்றை உருவாக்கும்போது, அண்ணன் தங்கை கலப்பைத் தவிர்ப்பதே தலையாய கவலை. கலிபோர்னியாவின் ரஷ்யன் ஆற்றில் கோஹோ சால்மனுக்காக 2001-இல் தொடங்கிய திட்டத்திலும் இதேதான்: ஒவ்வொரு மீனின் மரபணுவையும் முன்கூட்டியே பார்த்து, இந்தப் பெண்ணுக்கு இந்த ஆண்கள் ஆகும், இவர்கள் ஆகாது என்று ஓர் அட்டவணை தயாரித்து முட்டை எடுக்கும் மேசைக்கு அனுப்புகிறார்கள். நம்மவர்கள் பொருத்தம் பார்ப்பதுபோலத்தான். இங்கே உறவு நெருங்காமல் இருப்பதே முதற்பொருத்தம்.

பெண்களும் ஆண்களும் சமமாக இல்லாவிட்டால் நேரும் இழப்பையும் உங்கள் பேராசிரியரிடம் சொல்லுங்கள். 100 பெண்மீன்களுக்கு 10 ஆண்மீன்களை மட்டும் பயன்படுத்தினால், மரபுப் பன்மைக் கணக்கில் அந்தக் குலம் 110 மீன்களுக்கு ஈடாகாது. ஏறத்தாழ 36 மீன்களுக்கே ஈடாகும். ஆண் எண்ணிக்கையையும் பெண் எண்ணிக்கையையும் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் இந்த எண் வரும். அதிலும் ஒவ்வோர் ஆணுக்கும் சமமாகப் பிள்ளைகள் பிறந்திருக்க வேண்டும். கிண்ணத்தில் விந்தைக் கலந்ததைப் பற்றி மேலே சொன்னதை நினைத்துப் பாருங்கள். உண்மையில் 36-கூடத் தேறியிருக்காது.

கயல் எழுதியது:

ஓடைக்கரை அவர்களே, இதுதான் நான் தேடியது, மிக்க நன்றி. கடைசியாக ஒன்று மட்டும். லோயர் கிரானைட் அணையில் ஸ்னேக் ஆற்றுக்குத் திரும்பும் மீன்களிடமிருந்து மாதிரி எடுக்கிறார்கள். பொரிப்பக மீன் என்று காட்டுவதற்காக முதுகிலுள்ள கொழுப்புத் துடுப்பை வெட்டிவிடுவது வழக்கம் என்றாலும், ஆற்றில் இனம் பெருகட்டும் என்று துடுப்பை வெட்டாமலும் சில பொரிப்பகக் குஞ்சுகளை விடுகிறார்கள் அல்லவா? துடுப்பு முழுதாக இருந்து, பதிவேட்டிலும் பெற்றோர் கிடைக்காத மீனைக் காட்டு மீன் என்று எழுதிவிடலாமா?

எண்ணும் எழுத்தும் எழுதியது:

நேரடியாக எழுதிவிடக் கூடாது, சகோதரி. துடுப்பு வெட்டப்படாத 1,000 மீன்களைச் சோதித்ததில் 800 மீன்களுக்குப் பெற்றோர் கிடைத்தனர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 200 காட்டு மீன் என்று எழுதத் தோன்றும். ஆனால் அந்தப் பொரிப்பகத்தில் தாய்களில் 95 விழுக்காட்டுக்கும் தந்தைகளில் 95 விழுக்காட்டுக்கும்தான் நல்ல மாதிரி கிடைத்தது என்றால், இருவரும் பதிவேட்டில் இருக்கும் வாய்ப்பு 90.25 விழுக்காடு மட்டுமே. ஆகவே 800-ஐ 0.9025-ஆல் வகுக்க வேண்டும். பொரிப்பக மீன்கள் சுமார் 886 என்று வரும். காட்டு மீன்கள் 200 அல்ல, 114. மேசையில் நழுவிய துணுக்குகள் இப்படித்தான் காட்டு மீன்களாக உருமாறி அறிக்கையில் ஏறுகின்றன. ஒவ்வொரு பொரிப்பகத்துக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் இந்த விழுக்காடு மாறும். எந்த ஆண்டுத் தரவை எடுக்கிறீர்களோ, அந்த ஆண்டின் விழுக்காட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு வகுத்துவிடுங்கள்.